சீனி சரியா இருக்கு

அக்டோபர் 2, ஞாயிறு

கிறிஸ்துமஸ் ஒயின் போடுவதற்காக ஜாடியைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்தேன். மாமி சீதனமாகக் கொண்டுவந்த பெரிய ஜாடி போன கிறிஸ்துமஸுக்கு உடைந்துவிட்டது. எப்படி உடைந்தது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. இது புதுசு.

பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்மார் தினமும் ஒரு பக்கம் எழுதப் பழக்கியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுப்போனது. இப்போது எதையாவது எழுதினால் தேவலை என்று இருக்கிறது. இவர், என் வீட்டுக்காரர் கிளீட்டஸ், வீடு வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி நடுக்கடலில் கவிழ்ந்துவிட்டது. சிலர் கிடைக்கவே இல்லை. என்ஜின் பார்த்த பாண்டிச்சேரி ரெனே அவர்களில் ஒருவர். கிளீட்டஸை ஒரு மீன்பிடிப் படகு தூக்கி வந்து கொச்சியில் இறக்கியிருக்கிறது. மண்டையில் நல்ல அடி. போகப்போகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னாராம்.

கிளீட்டஸ் செத்துவிட்டார் என்றுதான் முதலில் சேதி வந்தது. அன்றைக்கு நான் அழுதேன். எல்லாரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 5

காலையில் டீயில் வழக்கம்போல மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன். இவருடைய கணக்கு அது. குறைந்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"பிலோமி, கொஞ்சம் சீனி கம்மியா போடுறியா?"

கேட்டார்! இந்த மனுஷன் என்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி நான் பார்த்ததே இல்லை. போதாததற்கு என் பெயரையும் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து "ஏளா"தான். பெயர் மறந்துபோயிருக்கும் என்றே நினைத்திருந்தேன்.

குடித்த கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அந்தக் கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அக்டோபர் 9, ஞாயிறு

கம்பத்துப் பன்னீர் திராட்சை வந்துவிட்டது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, இருவருமாக உட்கார்ந்து பிசைந்தோம். இவர் உட்கார்ந்தார் என்பதே செய்திதான். திராட்சைக்குச் சமமாகச் சீனி, கொஞ்சம் கோதுமை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. வாயில் வெள்ளைத்துணி கட்டிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தாயிற்று. ஈஸ்ட் சீனியைத் தின்றுதான் ஒயின் ஆகும். அது தின்று தீர்க்க முடியாத அளவுக்குச் சீனி கொட்டினால் மிச்சம் இனிக்கும். அளவாகப் போட்டால் எல்லாவற்றையும் தின்றுவிட்டுத் துவர்க்கும். மாமி வீட்டு வழக்கம் கொட்டுவது.

வேலை முடிந்ததும் களைப்பாக இருந்தார். அலமாரிக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த சின்னப் போத்தலை எடுத்து ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று தெரியவில்லை. ஜனவரியில் கொஞ்சம் திராட்சை வாங்கி, சீனி குறைத்து யாருக்கும் தெரியாமல் போட்டுப் பார்த்தது. சும்மா, ஒரு ஆசைக்கு.

கிளாஸை இடது கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நிறத்தைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்தார். பிறகுதான் குடித்தார்.

"இதுலதான் திராட்சை ருசி தெரியுது" என்றார்.

நான் அடுக்களைக்குள் போய், கரைத்த மாவை மறுபடியும் கரைத்துக்கொண்டு நின்றேன். 

அக்டோபர் 10

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு ரெனே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். ஒரே ஒரு தடவை வந்ததுதான். ஒயினை இடது கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மோந்து, பிறகு குடித்தார். "தப்பா நெனைச்சுக்காதீங்க, நல்லா பண்ணியிருக்கீங்க. இனிப்பு கொஞ்சம் கம்மியா இருந்தா திராட்சை ருசி தெரியும்" என்று சொன்னார். அவர்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து சோற்றோடு இனிப்பில்லாத டிரை ஒயின்தான் குடிப்பார்களாம். போகும்போது தன் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். வாய்க்குள்ளேயே ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் ஜாடி உடைந்தது. எனக்கும் படியில் வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. மாமி வந்து எண்ணெய் தடவிவிட்டு, "படி வழுக்கும், பாத்து நடக்கணும்ளா" என்றாள்.

அவ்வளவுதான் ரெனே. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

அக்டோபர் 18, செவ்வாய்

மாமி மக்ரூன் வாங்கி வந்தாள். மாமி வீடு இரண்டு தெரு தள்ளி. மகன் கடலிலிருந்து பிழைத்து வந்ததற்கு வாராவாரம் ஒரு டப்பா என்று நேர்ந்துகொண்டாளோ என்னவோ. இவர் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தார். மீதியை மெதுவாகத் தட்டில் வைத்தார்.

"என்னப்பா, பிடிக்கலியா?"

"திகட்டுது, அம்மா."

மாமி அந்தக் கடித்த மக்ரூனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை போனவள் என்னைக் கூப்பிட்டு, "எம்புள்ள மக்ரூன டப்பாவோட முழுங்குவான். இது என்னளா புதுசா?" என்று கேட்டாள்.

"மண்டையில அடிபட்டா நாக்கு ருசி மாறுமாம் மாமி. டாக்டர் சொன்னாரு."

"ருசிதான் மாறும். அவன் என்னைப் பாக்கற பார்வையும் மாறுமா?"

 அந்தப் பார்வை மாறியதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் எண்ணி எண்ணிச் சந்தோஷப்படுகிறேன் என்று மாமியிடம் எப்படிச் சொல்ல?

அக்டோபர் 19

மக்ரூனைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

பூசை முடிந்து கைகோத்துக் கடற்கரைப் பக்கம் நடந்தோம். இவர் தண்ணீரைப் பார்க்காமல் மணலையே பார்த்து வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

"தோணி கவுந்தப்போ என்னதான் நடந்துச்சு?"

"காலி பேரல் ஒண்ணு மிதந்துச்சு. நானும் ரெனேயும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருந்தோம். ஒரு பகல் முழுக்கப் பேசிக்கிட்டே இருந்தோம், தூங்கிடக் கூடாதுன்னு. அவன் வீட்டுக் கதை, என் வீட்டுக் கதை. பொறவு ஒரு ஆளு கைய விட்டாச்சு."

"ரெனேயா?"

நின்றுவிட்டார். யோசித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"அதுதான் பிலோமி எனக்கு இன்னும் சரியா தெரியல."

நல்ல வெயில். ஐஸ் விற்கிறவன் மணியடித்துக்கொண்டு போகிறான். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. ஆனாலும் கையை விடவில்லை. இன்னும் இறுக்கித்தான் பிடித்துக்கொண்டேன். அது யார் கையாக இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை.

நவம்பர் 8, செவ்வாய்

மாமி இன்று சும்மா வரவில்லை. இவர் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து வந்து உட்கார்ந்தாள்.

"நான் பெத்த புள்ள எனக்குத் தெரியாதா? இது அவன் இல்ல. கடல்ல போன அந்தப் பாண்டிச்சேரிக்காரன் ஏறி வந்திருக்கான். கிளாஸ இடது கையில பிடிக்கான். வாய்க்குள்ள என்னமோ பாட்டு முனகுதான். எம்புள்ள வாயில பாட்டு வந்து நீ பாத்திருக்கியா?"

வசவு வந்துதான் பார்த்திருக்கிறேன். சொல்லவில்லை.

"அந்தோணியார் கோவில்ல கொண்டுபோய் விடப்போறேன். அங்க கொடிமரத்தடியில சங்கிலி போட்டு வச்சிருந்தா பேயெல்லாம் அலறிக்கிட்டு இறங்கிப்போயிடும். எத்தனை மாசம் ஆனாலும் சரி, எம்புள்ள எனக்குத் திரும்பி வரணும்."

நான் மாமியின் காலைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு தேறட்டும், சங்கிலி தாங்க மாட்டார் என்று அழுதேன். அது பொய் அழுகை இல்லை. கடைசியில் மாமி ஒரு தவணை கொடுத்தாள். கிறிஸ்துமஸ் அன்று மாமி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். முதல் கிளாஸ் ஒயினை மூத்த மகன் குடித்து, "சீனி சரியா இருக்கு" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம். இவர் பழையபடி குடித்துச் சொன்னால் மாமி விட்டுவிடுவாள். முகத்தைச் சுளித்தால் மறுநாளே கோவிலுக்கு வண்டி.

பேய் இறங்கிவிட்டால் மிச்சம் இருக்கப்போவது யார் என்று மாமி யோசித்தாளா? நான் யோசித்தேன்.

நவம்பர் 9

இவரிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

நடிக்க வேண்டும் என்றேன். கிளீட்டஸாக நடிக்க வேண்டும்.

சொல்லி முடித்த பிறகுதான் கேட்க எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. இவரும் ஏன் என்று கேட்கவில்லையே!

நவம்பர் 13, ஞாயிறு

இவருக்கென்று தனியாக ஒரு சின்ன ஜாடியில் சீனி குறைத்து ஒயின் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். கிறிஸ்துமஸ் கழிந்து, எல்லாரும் போன பிறகு, நாங்கள் இருவர் மட்டும் குடிப்பதற்கு. அதை நினைத்தாலே நெஞ்சுக்குள் சந்தோஷமாக இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இது தேவைதானா!

நவம்பர் 17

பாடம் ஆரம்பம். டீயில் மூன்று கரண்டி. மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிறார். "இப்படிக் குடிச்சா மாமி அப்பவே சங்கிலிய எடுத்துட்டு வந்துடுவா" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

கிளாஸை வலது கையில் பிடிக்க வேண்டும். மோந்து பார்க்கக் கூடாது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளாஸை மேசையில் ஓங்கி வைக்க வேண்டும். கழுவவே கூடாது.

நவம்பர் 22, செவ்வாய்

மேசை தட்டும் பாடம்.

"இப்படியா?"

"இன்னும் பலமா."

"இவ்வளவு பலமாவா நான் தட்டுவேன்?"

"தட்டிட்டு 'ஏளா'ன்னு கூப்பிடணும். 'ஏளா, சீனி எங்க?' அப்படி."

சொன்னார். குரல் கொஞ்சம் சரியாகவே வந்தது. என் கை முதுகுக்குப் பின்னால் போனதை இவர் பார்த்துவிட்டார்.

"கூப்பிட்ட பொறவு நான் என்ன செய்வேன், பிலோமி?"

"அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய மாட்டீங்க" என்றேன்.

என் மணிக்கட்டைக் கையில் எடுத்து, எலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தார். 

நவம்பர் 27, ஞாயிறு

மாமி வந்தாள். இவர் வலது கையில் டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். மக்ரூன் நாலு உள்ளே போனது. மாமிக்குக் கண் நிறைந்துவிட்டது. போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "மாதாவே கண் தொறந்துட்டா" என்றாள். நான் முந்தானைக்குள் சிரித்தேன்.

டிசம்பர் 4, ஞாயிறு

காலையில் இவருடைய டீ கிளாஸைச் சுற்றி எறும்பு. முன்பெல்லாம் இவர் குடித்துப் போட்ட கிளாஸில் எறும்பு மொய்த்துக்கொண்டுதான் இருக்கும். இவர் திரும்பி வந்த பிறகு இந்த வீட்டில் எறும்பே இல்லை.

பழக்கத்துக்காக நான்தான் சீனி போட்டிருப்பேன்.

டிசம்பர் 7

இன்று கணக்காகச் சீனி போடாத டீதான் கொடுத்தேன். எறும்பு இருக்கிறது. மழைக்காலத்தில் எறும்பு வீட்டுக்குள் ஏறுவது சகஜம் என்று ஸ்டெல்லாக்காவும் சொல்கிறாள்.

டிசம்பர் 11, ஞாயிறு

கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து "ஏளா!" என்று சத்தம். துணியோடு ஓடினேன். பனியன் எங்கே என்று கேட்பதற்காம்.

"மாமிதான் இங்க இல்லியே, இப்ப எதுக்கு இந்தப் பாடம்?" என்றேன் சிரித்துக்கொண்டே.

ஒரு நொடி என்னைப் புரியாதவர் போலப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். நன்றாகத்தான் படித்திருக்கிறார். சொல்லிக்கொடுத்தவள் கெட்டிக்காரி அல்லவா!

டிசம்பர் 15

அந்தப் பாட்டு சத்தம் சில நாளாகக் கேட்கவில்லை. கிளாஸும் கழுவாமல் கிடக்கிறது. குளிர், மழை, சோம்பல். மாமி போட்ட பயத்தில் எனக்குத்தான் எல்லாமே தப்புத் தப்பாகத் தெரிகிறது. கிறிஸ்துமஸ் மட்டும் கழியட்டும்.

டிசம்பர் 20, செவ்வாய்

"பாடம் போதும், உங்களுக்கு எல்லாம் வந்தாச்சு" என்றேன். "என்ன பாடம்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். நடிப்பை அவ்வளவு மும்முரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார் போல.

டிசம்பர் 24, சனி

இரண்டு ஜாடியையும் எடுத்து வடிகட்டினேன். பெரிய ஜாடி தேன் மாதிரி வந்திருக்கிறது. சின்ன ஜாடியில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். நாக்கை இழுக்கிற துவர்ப்பு. பிறகு மெதுவாகத் திராட்சை வந்தது. முழுத் திராட்சை, தோலும் கொட்டையுமாக. இத்தனை வருஷம் ஒயின் போட்டும் ஒயினில் திராட்சை இருப்பதை நான் கவனித்ததே இல்லை.

நாளை பிற்பகல் இந்த வேளைக்கு எல்லாம் முடிந்திருக்கும். மாதாவே, இந்த ஒரு தடவை என் பக்கம் நில்லு.

டிசம்பர் 25, ஞாயிறு

மாமி வீட்டில் கூட்டமான கூட்டம். நான் ஊற்றிக் கொடுத்தேன். இவர் வலது கையில் வாங்கினார். ஒரே மடக்கு. கிளாஸ் மேசையில் ஓங்கி விழுந்த சத்தத்தில் ஒரு குழந்தை அழுதது.

"சீனி சரியா இருக்கு!"

எல்லாரும் கைதட்டினார்கள். மாமி மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கைதட்டினேன். பயல் எப்படி நடித்தான் என்று எனக்கு ஒரே பெருமை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கெல்லாம் வீடு திரும்பினோம். வழி நெடுக நான் ஒரு வார்த்தை பேசவில்லை, சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சின்ன ஜாடி ஒயினை நல்ல கிளாஸில் ஊற்றி, ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, கொடுத்தேன். "இந்தாங்க. உங்களுக்குன்னே போட்டது."

வலது கையில் வாங்கினார். வெளிச்சத்தில் பார்க்கவில்லை. வாயில் ஊற்றினார். அப்படியே சுவரில் துப்பினார்.

"என்னளா இது, காடித்தண்ணி?"

"மாமி வீட்ட விட்டு வந்தாச்சு. இனி நடிக்க வேண்டாம்ங்க" என்றேன். சிரிக்கப் பார்த்தேன்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"யாரு நடிச்சா?" என்றார்.

பிறகு மேசையைத் தட்டினார். நான் சொல்லிக்கொடுத்ததைவிடப் பலமாக.

டிசம்பர் 26

வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன்.

மாமி காலையில் பலகாரத்தோடு வந்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சுவரில் ஒயின் கறை, தரையில் கண்ணாடிச் சில். மாமி எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கைக்கு என்னளா ஆச்சு? படி வழுக்கிட்டா?"

"இல்ல மாமி" என்றேன். "உங்க புள்ள திரும்பி வந்துட்டாரு."

மாமி பலகாரத் தூக்கைத் தரையில் வைத்தாள். குனிந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். நிமிரவே இல்லை.

டிசம்பர் 27, செவ்வாய்

அவன் ஹார்பருக்குப் போயிருக்கிறான். மணப்பாட்டில் இருக்கும் என் தங்கைக்குப் போன் செய்துவிட்டேன். பையில் துணி எடுத்து வைத்தாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

சின்ன ஜாடியில் மிச்சம் இருந்ததை ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளிச்சத்தில் நிறம் அழகாக இருக்கிறது. மெதுவாகக் குடித்தேன். துவர்ப்பு ஒன்றும் தெரியவில்லை. இதைப் போய் எப்படிக் காடி என்றான்?

மேசையில் பெரிய ஜாடி ஒயினும் ஒரு கிளாஸ் இருந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். திகட்டிவிட்டது. இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் இனிப்புக்காரி.

கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முந்தாநாள்வரை இடது கையால் ஒரு கோடுகூடப் போடத் தெரியாது எனக்கு. எழுத்து எவ்வளவு அச்சாக வருகிறது என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

பை வாசலில் இருக்கிறது. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கே கேட்டது என்று எனக்குத் தெரியும். பயமாக இல்லை.